போசோ ஓந்தோவில் மழை பெய்யவில்லை

தண்ணீரைக் காட்டி மாடு பிடிக்கிற வித்தையில் லிப்ராதோ செலாயாவை அடித்துக்கொள்ள சான் பெர்ஃபெக்தோவில் ஆள் கிடையாது. குதிரையில் ஏறி, கயிற்றைச் சுழற்றி, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு காட்டு மாட்டைத் துரத்துவதெல்லாம் வாலிபப் பயல்கள் செய்கிற வீண் வேலை என்பான். மே, ஜூன் மாதங்களில் எங்கள் வட மெக்சிகோ சொனோரா வெயிலில் எந்த மாடாவது தண்ணீர் குடிக்காமல் இருக்குமா? இருக்காது. அப்புறம் எதற்குத் துரத்த வேண்டும்? தானாக வரும்.

ஊருக்கு மேற்கே, மணலாற்றைத் தாண்டி இரண்டரை மணி நேரக் குதிரைத் தூரத்தில் போசோ ஓந்தோ என்று ஒரு கிணறு, பக்கத்தில் அவன் இறைத்து நிரப்புகிற ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றிச் சீமைக்கருவேலக் கம்பங்களை நெருக்கமாக நட்டு ஒரு பட்டி கட்டியிருந்தான். பட்டிக்கு ஒரு பெரிய கதவு. மற்ற நாளில் அது திறந்தே கிடக்கும். யார் வீட்டு மாடும் வந்து குடித்துவிட்டுப் போகலாம். மாடு பிடிக்க வேண்டுமென்றால் பெரிய கதவைச் சாத்திவிடுவான். அப்போது நுழைய வழி பக்கத்திலிருக்கிற முள்வாய் ஒன்றுதான். வளையக்கூடிய கம்புகளின் நுனியைச் சீவி, மீன்கூட்டின் வாய் மாதிரி உள்நோக்கிக் குவித்து வைத்திருப்பான். மாடு முட்டித் தள்ளினால் விலகி வழி விடும். உள்ளே போனதும் கம்புகள் பழையபடி கூடிக்கொள்ளும். திரும்பி வரப் பார்த்தால் முகத்தில் குத்தும். அவ்வளவுதான், மாடு மாட்டிக்கொண்டது.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கிழக்கே மலைமேல் மேகம் எழும்பிவிட்டால், அன்றைக்கே போய்ப் பெரிய கதவைத் திறந்துவிட வேண்டும். மழை விழுந்தால் மணலாறு குறுக்கே ஓடும், நாலு நாள் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. உள்ளே ஏதாவது அகப்பட்டிருந்தால் அதன் கதி? இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். லிப்ராதோவுக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி, நெட்டை, காது கொஞ்சம் பெரிசு. வடக்கே முலாம்பழத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். "அங்க தண்ணி குழாயில வருதுப்பா, எனக்கு என்ன வேலை?" என்றானாம். எலோயிசாவைக் கட்டி முப்பத்தொரு வருஷம். குடி கிடையாது. சீட்டு கிடையாது. டொமினோ மட்டும் உண்டு, அதுவும் ஒனேசிமோ வீட்டு முற்றத்தில். பொய் சொல்லத் தெரியாதவன் என்று பேர். அந்தப் பேர்தான் கடைசியில் அவன் கழுத்தை நெரித்தது.

ஒனேசிமோ அவனுக்குக் கொம்பாத்ரே. ஒனேசிமோவின் மூத்த மகனை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் லிப்ராதோ. ஒன்றாக மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள், அந்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் 'நீங்க' போட்டு, 'கொம்பாத்ரே' என்று அழைத்துக்கொள்கிற மரியாதைக்கு வந்தார்கள். ஐந்து வருஷம் முன்னால் ஒனேசிமோ கூரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. ஒட்டியது, ஆனால் கோணலாக ஒட்டியது. இருபது அடி நடப்பதற்குள் முகம் வெளுத்துவிடும். அதனால் எங்கே போனாலும் சார்க்காமேல்தான். சார்க்கா என்பது அவனுடைய பெட்டைக் குதிரை. ஒரு கண் வெளிர் நீலம். கடைக்கு, கோயிலுக்கு, எட்டடி தள்ளியிருக்கிற பக்கத்து வீட்டுக்குக்கூட அதன்மேல் ஏறித்தான் போவான். குதிரை வாசலுக்கு வந்து அவன் ஏறுவதற்காக உடம்பைத் தாழ்த்திக் கொடுக்கும். நான் மிகைப்படுத்தவில்லை, பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சேணம் உரசி சார்க்காவின் முதுகில் புண். ஆறட்டும் என்று ஒனேசிமோ அதை மேய்ச்சல் காட்டில் அவிழ்த்து விட்டிருந்தான்.

அது பொல்லாத வருஷம். பத்து மாதமாக ஒரு சொட்டு இல்லை. சான் ஹுவான் திருநாளன்று பெண்கள் புனிதரின் சிலையைத் தூக்கிக்கொண்டு மணலாற்றுக்குப் போய் மணலில் இறக்கி வைத்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் குடத்திலிருந்து ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் மேகம் எழும்பும், மிரட்டும், மின்னும், சாயங்காலம் ஒன்றுமில்லாமல் கலைந்து போகும். ஏழு நாள் இப்படி. முதல் மூன்று நாளும் லிப்ராதோ ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். மூன்று முறையும் ஏமாந்து திரும்பினான். எல்லாரும் கேலி செய்தார்கள்.

"என்ன லிப்ராதோ, இன்னைக்கும் கதவு திறக்கப் போறீயா? குடை எடுத்துக்கிட்டியா?"

ஒரு கிழட்டுப் பசு மட்டும் அவனுக்குப் பிடிபடாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்காக நான்காம் நாள் கதவைச் சாத்தியவன், சாத்தியபடியே விட்டான்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. ஒனேசிமோ வீட்டுப் பந்தலில் டொமினோ. பன்னிரண்டு மணிக்கே கிழக்கு மலைமேல் வெள்ளையாகக் குவிந்து, தலை சப்பையாகி, அடி கறுத்தது. லிப்ராதோ இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க பாக்கறீங்க கொம்பாத்ரே? கட்டையைப் போடுங்க," என்றான் ஒனேசிமோ. "தோக்கப் போறீங்கன்னதும் மேகம் ஞாபகம் வருதாக்கும்!"

"போய்த் திறந்துட்டு வந்துடறேனே."

"அட, உக்காருங்க. ஏழு நாளா படம் காட்டிக்கிட்டு இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க."

ஒரு ஆட்டம் இரண்டாயிற்று. மூன்றாவது ஆட்டத்தின் நடுவே காற்று நின்றது. ஹெதியொந்தியா என்று நாற்றம்பிடித்த பேர் வைத்திருக்கிறோமே அந்தப் புதர், அதன் மழை வாசனை தெருவெல்லாம் வந்துவிட்டது. அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? தெற்கே புழுதிச் சுவர் எழும்பி வந்து ஊரை விழுங்கியது. கோழிகள் உருண்டன. யாருடைய தகரமோ பறந்தது. ஐந்து நிமிஷம் கண் தெரியவில்லை. அப்புறம் இடி, அப்புறம் மழை. சாதாரண மழையா! யாரோ தொட்டியைக் கவிழ்த்த மாதிரி.

ஊரே தெருவில் நின்றது. சமையல் அடுப்பை விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். எழுபது வயது ஆண்கள் சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்தார்கள். ஒனேசிமோ நாற்காலியை நடுத்தெருவில் போடச் சொல்லி, உட்கார்ந்தபடியே தொப்பியைக் கழற்றி, வாயைத் திறந்து மழையைக் குடித்தான். "கொம்பாத்ரே! கொம்பாத்ரே! குளிருது!" என்று கத்தினான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். லிப்ராதோ அழவும் செய்தான்; மழையில் அது யாருக்குத் தெரியப் போகிறது!

நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே எலோயிசா கேட்டாள்:

"ஏய் கிழவா, போசோ ஓந்தோ கதவைத் திறந்தியா?"

அவன் மேற்கே பார்த்தான். அந்தப் பக்கம் வானம் மை மாதிரி கறுத்துக் கிடந்தது. அங்கேயும் கொட்டுகிறது என்று நினைத்தான். மழை வாசனை பிடித்தால் மாடுகள் பட்டிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, காட்டுக் குட்டைகளுக்கு ஓடிவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படியே இருந்தாலும் பட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். இவ்வளவு சந்தோஷத்தில் நின்றுகொண்டு 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"நேத்தே திறந்துட்டேன்," என்றான்.

முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வாளிகளை நிமிர்த்தப் போனாள்.

மணலாறு அன்று மாலையே வந்தது. காப்பி நிறத்தில், மரக்கட்டைகளையும் ஒரு செத்த ஆட்டையும் உருட்டிக்கொண்டு, அடிவயிற்றில் உறுமிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் யாரும் இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் குதிரைக்கு முட்டளவு. அன்றைக்கு அவன் போயிருக்கலாம். போகவில்லை. ஈரம் இருக்கும்போதே விதைத்தால்தான் உண்டு. மூன்று நாள் தப்பினால் மண் ஓடு மாதிரி ஆகிவிடும். சோளமும் பயறும் பூசணியும் ஊன்றினான். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஐந்தாம் நாள் மலையில் மறுபடி மழை, மறுபடி ஆறு. ஆக, அவன் மணலாற்றைத் தாண்டியது ஏழாம் நாள்.

தாண்டி அரை மணி நேரம் போனதுமே, ஏறி வந்த கோவேறு கழுதையை நிறுத்தி இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தான். தரை காய்ந்திருந்தது. கோவேறு கழுதையின் குளம்படியில் புழுதி பறந்தது. கள்ளிகள் போன மாதம் இருந்த மாதிரியே விலா எலும்பு தெரிய நின்றன. போசோ ஓந்தோவில் ஒரு துளி விழவில்லை. அந்தக் கறுப்பு முழுக்க வெறும் புழுதியும் நிழலும். எங்கள் மழைக்கு அதுதானே புத்தி! ஒரே வயலில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நனைக்கும், அந்தப் பக்கம் விட்டுவிடும். அது தெரியாதவனா லிப்ராதோ? தெரிந்தவன்தான். தனக்கு வேண்டும் என்பதால் அங்கேயும் பெய்ய வைத்துக்கொண்டான்.

பட்டிக்குள் கிடந்தது சார்க்கா.

தொட்டி வறண்டு, அடியில் பச்சைப் பாசி ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது. தொட்டியில் ஒரு விரிசல். அடைக்க வேண்டும் அடைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நாளைக்கு மேல் தண்ணீர் நின்றிருக்காது. அதற்கப்புறம் அந்த வெயிலில் எத்தனை நாள் என்று கணக்குப் போட அவனுக்குத் துணிவில்லை. கம்பங்கள்தான் அவனைக் கொன்றன. குதிரை கம்பங்களைக் கடித்திருந்தது. கதவுப் பக்கத்துக் கம்பங்கள் பதினாலிலும் வாய் எட்டுகிற உயரத்தில் பட்டை உரிந்து, மரம் தின்னப்பட்டு, சில இடத்தில் ரத்தக் கறை. நீலக் கண் திறந்தபடி இருந்தது.

லிப்ராதோ தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்தான். 'அடப் பாவி, அடப் பாவி' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரை என்று கேட்டால் தன்னைத்தான்.

அங்கிருந்து நேரே கிளம்பி ஒனேசிமோவின் வாசலில் போய் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒனேசிமோ திட்டியிருப்பான், அழுதிருப்பான், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பான், அப்புறம் பேசியிருப்பான். லிப்ராதோ எழுந்தபோது கை தன்னால் வேலை செய்தது. கயிற்றைப் பூட்டி, கோவேறு கழுதையை விட்டு இழுக்க வைத்து, சார்க்காவை ஓடைச் சரிவில் தள்ளினான். கிளைகளை வெட்டிப் போட்டு மூடினான். மறுநாளும் அதற்கு மறுநாளும் போய், கடித்த கம்பங்களைப் பிடுங்கி, புதுக் கம்பம் நட்டு, பழையதைக் கொளுத்தினான். அடுத்த வெள்ளம் ஓடையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போயிற்று. எலும்பைக்கூட விடவில்லை.

சனிக்கிழமை ஒனேசிமோ சொல்லி அனுப்பினான், சார்க்கா வரவில்லை என்று.

தேடினார்கள். கூட்டிக்கொண்டு போய்த் தேடியது யார்? லிப்ராதோதான்! தன்னுடைய பிக்கப் வண்டியில் ஒனேசிமோவைத் தலையணை வைத்து உட்கார்த்தி, மூன்று நாள் காடு காடாகச் சுற்றினான். போசோ ஓந்தோவுக்கும் போனார்கள். ஒனேசிமோ புதுக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எலோயிசா கொடுத்தனுப்பிய பெரிய கோதுமை ரொட்டியைப் பிய்த்துப் பாதியை லிப்ராதோவிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க கொம்பாத்ரே. நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

லிப்ராதோ வாங்கிச் சாப்பிட்டான். மென்றான், விழுங்கினான். என்ன மனுஷன் என்று எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அவனுக்கும் வந்தது, அன்று வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வெயில் என்று சொன்னான்.

நாலாம் நாள் யாரோ ஒருத்தன் கிறிஸ்பின் பேரை எடுத்தான். கிறிஸ்பின் கரி சுடுகிறவன். காய்ந்த கருவேலத்தை வெட்டி, மேற்குக் காட்டில் மூட்டம் போடுவான். இருபத்திரண்டு வயதில் இரண்டு மாடு திருடி எர்மோசியோ நகரச் சிறையில் மூன்று வருஷம் இருந்தவன். அதெல்லாம் முப்பது வருஷத்துக் கதை. அதற்கப்புறம் ஒரு கோழியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஊர் மறக்குமா? மழைக்கு முன்னால் அவன் தோளில் கயிற்றோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கயிறு இல்லாமல் கரி மூட்டை எப்படிக் கட்டுவான் என்று யாரும் கேட்கவில்லை.

"அவன்தான். ஓட்டிக்கிட்டுப் போய் எல்லைப் பக்கம் வித்துட்டான்," என்றான் ஒனேசிமோ.

"அவசரப்படாதீங்க கொம்பாத்ரே," என்றான் லிப்ராதோ. அவ்வளவுதான் சொன்னான்.

கடையில் கிறிஸ்பினுக்கு உப்புக் கொடுக்கவில்லை. கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அவனுடைய நாயை யாரோ கல்லால் அடித்துக் காலை முறித்தார்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஊர்க்கூட்டம் என்று சொன்னார்கள்: கிறிஸ்பினைப் பொது நிலத்திலிருந்து நீக்குவதா வேண்டாமா. நீக்கிவிட்டால் காட்டில் ஒரு சுள்ளி பொறுக்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் எங்கே போவான்?

லிப்ராதோ தூங்காமல் இளைத்தான். எலோயிசா மருந்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

கூட்டம் கோயிலை ஒட்டின பந்தலில் நடந்தது. தலைவர் தோன் ஃபிலெமோன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீக்கணும்கறவங்க கை தூக்குங்க," என்று சொல்ல வாயெடுத்தார். கிறிஸ்பின் கடைசியில் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தொப்பி கையில்.

லிப்ராதோ எழுந்தான். முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் எடுக்கல. குதிரையை நான்தான் கொன்னேன்," என்றான். "கதவைச் சாத்தி வெச்சிருந்தேன். மழை வந்தப்போ திறக்கல. உள்ள மாட்டிக்கிச்சு. தண்ணியில்லாம செத்துது. நான் இழுத்துப் போட்டு மறைச்சேன்."

பின் பெஞ்சிலிருந்து யாரோ "பாவம்யா," என்றார்கள். தோன் ஃபிலெமோன் கண்ணாடியைக் கழற்றினார்.

"லிப்ராதோ, உன் மனசு எங்களுக்குத் தெரியும்பா. ஆனா இதெல்லாம் ரொம்ப அதிகம்."

"மனசு கினசு இல்லீங்க. உண்மை. குதிரை கம்பத்தையெல்லாம் கடிச்சு வெச்சிருந்தது."

"நான் போன வாரந்தான் அந்தப் பட்டியைப் பாத்தேன். ஒரு கம்பத்துலயும் ஒரு கீறல் இல்லையே!"

"மாத்திட்டேன். எரிச்சுட்டேன்."

"எலும்பு?"

"வெள்ளத்துல போயிருச்சு."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை. அப்போது எலோயிசா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இந்த மனுஷனுக்கு ரெண்டு வாரமா ஜுரம். தூக்கமில்ல. மழைக்கு முதநாளே கதவைத் திறந்துட்டார். நானே கேட்டேன், திறந்துட்டேன்னு சொன்னார். எங்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. கிறிஸ்பின்மேல பரிதாபப்பட்டு இப்படித் தன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறார்!"

அதோடு முடிந்தது. அவனுடைய பொய்யை வைத்தே அவனுடைய உண்மையை அடைத்துவிட்டாள், பாவம், தெரியாமல். ஒனேசிமோ தடியை ஊன்றி எழுந்து வந்து எல்லார் முன்னாலும் லிப்ராதோவைக் கட்டிக்கொண்டான்.

"என் கொம்பாத்ரேவுக்காக நான் விட்டுக்கொடுக்கறேன். குதிரை போனா போகட்டும். கிறிஸ்பின் இருந்துட்டுப் போகட்டும்."

கை தட்டினார்கள்! கூட்டம் கலைந்தது.

பந்தலுக்குப் பின்னால் கிறிஸ்பின் காத்திருந்தான். நன்றி சொல்வான் என்று லிப்ராதோ பயந்தான். அதைவிட மோசமான ஒன்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும்," என்றான் கிறிஸ்பின். "ஆறு இறங்கினதும் மூட்டம் பாக்கப் போனேன். பதினாலு புதுக் கம்பம். மழைக்காலத்துல எவன்யா பட்டிக்குக் கம்பம் நடுவான்? ஊரே குனிஞ்சு விதைச்சுக்கிட்டு இருக்கு."

"ஏன் நீ சொல்லல?"

"நான் சொன்னா?" கிறிஸ்பின் சிரித்தான். "நீ சொல்லுவேன்னு இருந்தேன். தினமும் இருந்தேன். நாய் கால் ஒடிஞ்ச அன்னைக்குக்கூட, இன்னைக்குச் சொல்லிடுவான், லிப்ராதோ நல்லவனாச்சேன்னு இருந்தேன்."

"இன்னைக்குச் சொன்னேனே கிறிஸ்பின்."

"சொன்னே. அதனால என்ன ஆச்சு? காலையில என்னைத் திருடன்னு சந்தேகப்பட்டாங்க. இப்ப நான் திருடனேதான். ஊர் பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்ட திருடன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு நடந்தபோது எலோயிசா முன்னால், இவன் பின்னால். வாசலில் அவள் நின்றாள்.

"உனக்கு ஜுரம்தானே?"

"ஜுரம் இல்ல."

"அப்ப மழையில எங்கிட்ட சொன்னது?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொம்பாத்ரே வீட்டுக்குப் போ. என் வாயால நான் பொய் சாட்சி சொல்லிட்டேன் இன்னைக்கு, கோயில் பக்கத்துல நின்னுக்கிட்டு. போ."

ஒனேசிமோ பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தான். டொமினோக் கட்டைகளைப் பரப்பி வைத்திருந்தான். கிழக்கே மேகம் குவிந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஒருநாள் விட்டு ஒருநாள் மழை.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் நினைச்சேன். ஒரு ஆட்டம்?"

"கொம்பாத்ரே, கூட்டத்துல நான் சொன்னது—"

"தெரியும், தெரியும். விடுங்க."

"அது பொய் இல்ல."

ஒனேசிமோவின் கை கட்டைகளின்மேல் நின்றது. நிமிராமலே பேசினான். குரல் இறங்கியிருந்தது.

"கொம்பாத்ரே, இன்னொரு தடவை அதைச் சொல்லாதீங்க. கூட்டத்துல சொன்னப்போ நம்பல. இங்க, என் வீட்டுல, ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது சொன்னா நான் நம்பிருவேன். எனக்குக் குதிரையும் போச்சு. நீங்களாவது இருக்கணும்."

லிப்ராதோ அப்படியே திரும்பிப் போய்விடலாம். ஒரு கட்டையை எடுத்துப் போட்டால் போதும், ஐம்பது வருஷ சிநேகம் அப்படியே இருக்கும். ஊர்க் கடைசியில் காலொடிந்த நாய் ஒன்று இருக்கும், அவ்வளவுதானே!

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதலிலிருந்து சொன்னான். இதே பந்தலில் மூன்றாவது ஆட்டம், எலோயிசா கேட்டது, ஆறு முட்டளவு இறங்கின நாள் விதைக்கப் போனது, வறண்ட தொட்டி, பாசி, கம்பங்கள். பதினாலு என்றான். ரத்தம் இருந்ததையும் சொன்னான். கயிறு பூட்டி இழுத்ததையும், புதுக் கம்பத்தில் ஒனேசிமோ சாய்ந்து ரொட்டி கொடுத்ததையும் சொன்னான். ஒன்றையும் விடவில்லை.

ஒனேசிமோ கட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் கேட்டான்:

"அது கத்தியிருக்கும், இல்ல?"

"கத்தியிருக்கும்."

"என்னைத்தான் கூப்பிட்டிருக்கும்," என்றான் ஒனேசிமோ.

தடியை எடுத்து ஊன்றி எழுந்தான். தொப்பியை மாட்டினான். பந்தலை விட்டு வெயிலில் இறங்கினான்.

"எங்க போறீங்க? வண்டி இருக்கு. ஏறுங்க, நான் கொண்டு விடறேன்."

"வேண்டாம் லிப்ராதோ."

கிறிஸ்பின் வீடு ஊரின் கடைசி. நல்ல காலுள்ளவனுக்குப் பத்து நிமிஷம். ஒனேசிமோ இருபது அடியில் நின்றான். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். மறுபடி நடந்தான். லிப்ராதோ வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தான். விழுந்தால் தூக்கலாம் என்று. சன்னல் வழியாக இரண்டு தடவை கூப்பிட்டான். ஒனேசிமோ திரும்பிப் பார்க்கவில்லை. கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் யாரும் கேலி பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசித் திருப்பத்தில் சட்டை முதுகெல்லாம் நனைந்து, இரண்டு கையாலும் தடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

கிறிஸ்பின் வாசலில் குந்தி நாயின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒனேசிமோ படலுக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினான். என்ன சொன்னான் என்று வண்டிக்குள் கேட்கவில்லை. நிறையப் பேசவில்லை. கிறிஸ்பின் எழுந்து கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டான். ஒனேசிமோவின் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மழை பிடித்தது. கிறிஸ்பின் நாற்காலியையும் நாயையும் தூக்கிக்கொண்டான், இரண்டு பேரும் உள்ளே போனார்கள். லிப்ராதோ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.